கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? அறை எடுக்கும் முன் தலைகளை எண்ணுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்தத் தடவை எங்கே போறோம்?" என்பதுதான். லெகோலேண்ட், சன்வே லகூன், கெந்திங், தம்பூன் என்று பிள்ளைகளிடம் பட்டியல் தயாராக இருக்கும். பெற்றோர் முதலில் பார்ப்பது நுழைவுச்சீட்டின் விலையை. இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் அது கொஞ்சம் குறையும். மைகாட் வைத்திருப்போருக்குச் சலுகை இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் பேரத்துக்கு இடமில்லை. தங்கும் இடத்தின் செலவு அப்படியல்ல. ஒரே பூங்காவுக்கு ஒரே வாரத்தில் போய்வரும் இரண்டு குடும்பங்களில் ஒன்று, மற்றதைவிட இரு மடங்கு பணத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு வரும்.

நம் குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஹோட்டல்காரர்கள் கணக்கில் குடும்பம் என்றால் இரண்டு பெரியவர்கள், இரண்டு சிறுவர்கள். நம் வீட்டில் பாட்டி வருவார், அக்காள் மகன் வருவான், சில சமயம் சித்தப்பா குடும்பமே வேனில் ஏறிவிடும். இணையத்தில் பெரிய எழுத்தில் தெரியும் '120 ரிங்கிட்' பெரும்பாலும் இரண்டு பேருக்கான விலை. ஆறு பேர் போனால் அது என்னவாகும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஹோட்டல் முகப்பில் நின்று, பிள்ளைகள் தூங்கி வழிய, பின்னால் வரிசை காத்திருக்க அந்தக் கணக்கைப் போடுவது சிரமம். அந்த நேரத்தில் எந்தத் தகப்பனும் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவார்.

முதலில், தங்கத்தான் வேண்டுமா?

கிள்ளான், காஜாங், ரவாங், சிரம்பான் பக்கம் இருப்பவர்கள் சன்வே லகூனுக்குப் போக அறை எடுக்க வேண்டியதே இல்லை. தெலுக் இந்தான், தைப்பிங், சுங்கை சிப்புட் குடும்பங்களுக்குத் தம்பூன் ஒரு நாள் பயணம். கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கெந்திங்கும் அப்படித்தான். "போறதுதான் போறோம், ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாமே" என்ற ஆசையில் செலவாகும் பணத்தில், அடுத்த விடுமுறைக்கு இன்னொரு பூங்காவுக்கே போய்வரலாம்.

தூரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றால் கதை வேறு. கெடாவிலிருந்தோ பேராவிலிருந்தோ லெகோலேண்டுக்கு விடியற்காலை கிளம்பி, நாள் முழுக்க வெயிலில் நடந்து, அன்று இரவே திரும்பி ஓட்டுவது நல்லதல்ல. இரவு வேலை முடித்துவிட்டு அப்படியே காடியை எடுக்கும் அப்பாக்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட தூரத்துக்கு இரண்டு இரவு வைத்துக்கொள்வதுதான் சரி. ஓர் இரவுக்குத்தான் பணம் இருக்கிறது, தூரமும் நடுத்தரம் என்றால், அந்த இரவைப் பூங்காவுக்குப் போன பிறகு வையுங்கள். காலையில் ஓட்டுநருக்குத் தெம்பு இருக்கும். தண்ணீரில் ஆடிக் களைத்த மாலையில்தான் கண் சொருகும்.

தலைக் கணக்கு

ஒவ்வோர் அறைக்கும் எத்தனை பேர் என்ற உச்ச வரம்பு உண்டு. இரட்டைப் படுக்கை அறையில் இரண்டு பெரியவர்களோடு ஒன்றிரண்டு சிறுவர்களை இலவசமாக அனுமதிப்பார்கள். 'சிறுவர்' என்பதற்கான வயது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். சில இடங்களில் 12 வயது வரை, சில இடங்களில் 6 வயது வரைதான். படிவம் ஒன்றில் படிக்கும் பையன் பூங்காவில் என்னவாகக் கணக்கிடப்பட்டாலும், ஹோட்டலில் பெரியவராகவே கணக்கில் வருவான்.

"இரண்டு பேருக்குப் பதிந்துகொள்வோம், மற்றவர்கள் பிறகு மெதுவாக ஏறிவிடலாம்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பல ஹோட்டல்களில் அறை அட்டையைத் தொட்டால்தான் மின்தூக்கி நகரும். முகப்பைக் கடக்கும்போதே ஆள் கணக்கு தெரிந்துவிடும். பிடிபட்டால் கூடுதல் ஆளுக்கோ இன்னோர் அறைக்கோ அன்றைய விலையில் பணம் கட்ட வேண்டும். விடுமுறைக் காலத்தில் இன்னோர் அறை இல்லாமலும் போகலாம். பணத்தைவிட, பிள்ளைகள் எதிரில் ஒருவர் நம்மைக் கேள்வி கேட்டு நிறுத்துவது மனத்தைக் கஷ்டப்படுத்தும். எத்தனை பேரோ அத்தனை பேரையும் பதிவிலேயே போட்டுவிடுங்கள். பிள்ளைகளின் வயதையும் சரியாகப் போடுங்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். அப்பா, அம்மா, பாட்டி, 15 வயது மகள், இரண்டு சிறு பையன்கள் என ஆறு பேர், இரண்டு இரவு. கீழே வரும் விலைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை. உங்கள் தேதிக்கு உரிய விலையை அதனிடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வழி, கடைவீடுகளில் இருக்கும் சிக்கன ஹோட்டல். அறை 160 ரிங்கிட். ஆறு பேருக்கு இரண்டு அறை வேண்டும். இரண்டு இரவுக்கு 640 ரிங்கிட். சேவை வரி 8 விழுக்காடு சேர்ந்தால் 691 ரிங்கிட் 20 காசு. பசியாறல் அதில் இல்லை. வெளியே ஆளுக்குப் பத்து ரிங்கிட் என்று இரண்டு காலைக்கு 120 ரிங்கிட். இரவுச் சாப்பாடு ஆளுக்குப் பதினைந்து என்றால் இரண்டு இரவுக்கு 180 ரிங்கிட். ஆக மொத்தம் 991 ரிங்கிட் 20 காசு.

இரண்டாவது வழி, மூன்று அறைகளும் சமையலறையும் உள்ள அடுக்குமாடி வீடு. ஓர் இரவுக்கு 380 ரிங்கிட், இரண்டு இரவுக்கு 760. துப்புரவுக் கட்டணம் ஒருமுறை 80. காலைக்கும் இரவுக்கும் சமைக்கச் சாமான் 100 ரிங்கிட். மொத்தம் 940 ரிங்கிட்.

380 ரிங்கிட்டையும் 160 ரிங்கிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இருந்த வித்தியாசம், கடைசியில் தலைகீழாகிவிட்டது. அதுவும் ஐம்பது ரிங்கிட் அளவில்தான். ஆகவே முடிவை மற்ற காரணங்களை வைத்து எடுக்கலாம். சொந்த வேன் இருக்கிறதா? இல்லையென்றால், ஆறு பேருக்கு கிராப் அழைத்தால் சாதாரண வண்டி போதாது. ஆறு பேர் அமரும் வண்டியோ இரண்டு வண்டியோ வேண்டும். பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் அடுக்குமாடி வீடு கிடைத்தால் அது மிச்சம். இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சமையலறை உள்ள வீடு எடுத்தால் விடுமுறையிலும் அடுப்பின் முன் நிற்பது யார்? அதற்கு அம்மா சம்மதிக்கிறாரா என்று முதலில் அவரைக் கேளுங்கள். சாதம் மட்டும் வடித்துக்கொண்டு, குழம்பு, பொரியலை வெளியே வாங்குவது நல்ல நடுவழி. சாதாரண ஹோட்டல் அறைகளில் ரைஸ் குக்கரைச் செருக அனுமதியில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

எந்தப் பூங்காவுக்கு எங்கே தங்குவது?

லெகோலேண்ட் ஜொகூரின் இஸ்கண்டார் புத்ரியில், மெடினி பகுதியில் இருக்கிறது. 2012 செப்டம்பரில் திறக்கப்பட்டது. வளாகத்துக்குள்ளேயே 249 அறைகள் கொண்ட லெகோலேண்ட் ஹோட்டல் இருக்கிறது. அறையில் பெற்றோருக்கு ஒரு படுக்கை, பிள்ளைகளுக்குத் தனி மூலையில் அடுக்குக் கட்டில் என்று அமைத்திருக்கிறார்கள். இரண்டு பெரியவர்கள், மூன்று சிறுவர்கள் உள்ள குடும்பத்துக்கு அது பொருந்தும். விலை அதிகம்தான். எட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்து, வாழ்நாளில் ஒருமுறை என்று சேர்த்து வைத்த பணம் என்றால் கொடுக்கலாம். மற்றவர்கள் பூங்காவுக்கு எதிர்ப்புறம், மால் ஆஃப் மெடினியைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளைத் தேடலாம். அதற்கு அடுத்து புக்கிட் இண்டா, ஸ்கூடாய் பக்கத்துச் சிக்கன ஹோட்டல்கள். சொந்த வாகனம் இருந்தால் மட்டுமே இவை லாபம்.

தேடும்போது 'ஜொகூர் பாரு' என்று மட்டும் போட்டுத் தேடினால் பாசீர் கூடாங் வரை காட்டும். பாசீர் கூடாங் நகரின் கிழக்குக் கோடி, லெகோலேண்ட் மேற்கே. ஜொகூர் பாரு நகர மையமே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்கள், கோயிலையும் பார்க்க வேண்டும், வாழையிலைச் சாப்பாடும் வேண்டும் என்றால், நகர மையத்தில் ஜேபி சென்ட்ரலை ஒட்டித் தங்குவதில் அர்த்தம் உண்டு. ராஜமாரியம்மன் ஆலயமும் லிட்டில் இந்தியாவும் அங்கேதான். கண்ணாடிக் கோயில் எனப்படும் ராஜகாளியம்மன் ஆலயமும் நகரில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் உறவினர்கள் சேர்ந்து வருகிறார்கள் என்றால், அவர்களை உட்லண்ட்ஸ் பாலத்துக்குப் பதிலாகத் துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாக வரச் சொல்லுங்கள். லெகோலேண்ட் அந்தப் பக்கம்தான்.

சன்வே லகூன் 1993 முதல் பண்டார் சன்வேயில் இயங்குகிறது. வளாகத்தை ஒட்டியுள்ள ஹோட்டல்கள் சிக்கன வகை அல்ல. எதிரே மெந்தாரி பக்கமும் பிஜேஎஸ் பகுதியிலும் கடைவீட்டு ஹோட்டல்கள் உள்ளன. ஆனால் வடக்கிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு என் பரிந்துரை பிரிக்பீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் சிறு ஹோட்டல்கள் இருக்கின்றன. காலையில் தோசை கிடைக்கும், பாட்டிக்குச் சைவம் கிடைக்கும். அங்கிருந்து கிள்ளான் துறைமுகம் போகும் கேடிஎம் கொமுட்டரில் ஏறி செத்தியா ஜெயாவில் இறங்கினால், பக்கத்திலேயே பிஆர்டி பேருந்து நிலையம். மெந்தாரிக்கு அடுத்த நிறுத்தம் சன்வே லகூன். இந்தப் பேருந்துப் பாதை 2015 முதல் இருக்கிறது, மேம்பாலத்தில் தனி வழியில் ஓடுவதால் நெரிசலில் சிக்காது. கொமுட்டர் மட்டும் அடிக்கடி வராது. நேர அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள்.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சன்வே என்ற பெயரில் ஹோட்டல்கள் பல ஊர்களில் இருக்கின்றன. சன்வே புத்ரா கோலாலம்பூர் நகருக்குள், சன்வே வெலோசிட்டி செராஸ் பக்கம். தம்பூன் லாஸ்ட் வேர்ல்ட் பூங்கா இருக்கும் இடத்தின் பெயரோ சன்வே சிட்டி ஈப்போ. 'சன்வே' என்று பார்த்தவுடன் பணம் கட்டிவிடாமல் முகவரியைக் கடைசி வரி வரை படியுங்கள்.

தம்பூன்தான் இந்தப் பட்டியலில் சிக்கனத்துக்கு மிகவும் ஏற்றது. வளாகத்துக்குள் ஹோட்டல் உண்டு என்றாலும், ஈப்போ நகரம் காடியில் பதினைந்து இருபது நிமிடத் தூரம்தான். நகரில் போட்டி அதிகம் என்பதால் மூன்று, நான்கு பேர் தங்கும் அறைகள் நியாயமான விலையில் கிடைக்கும். ரயில் நிலையத்தை ஒட்டிய பக்கமாக எடுத்தால் லிட்டில் இந்தியா கடைகளும் அருகில். அங்கே பகலில் தண்ணீர் விளையாட்டு, மாலைக்கு மேல் வெந்நீர் ஊற்று. இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் திரும்பும்போது இரவாகிவிடும் என்பதால், அன்று மட்டும் அறை இருந்தால் நிம்மதி.

கெந்திங் மலைக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். 2022 பிப்ரவரியில் ஸ்கைவேர்ல்ட்ஸ் திறந்த பிறகு பிள்ளைகளின் ஆசை மறுபடியும் அங்கே திரும்பியிருக்கிறது. அங்குள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் 7,351 அறைகள், அறை எண்ணிக்கையில் கின்னஸ் சாதனை படைத்தது. இத்தனை அறைகளை வார நாள்களில் நிரப்புவது எளிதல்ல என்பதால் திங்கள், செவ்வாயில் விலை வெகுவாக இறங்கும். சனிக்கிழமை இரவு அதே அறை பல மடங்கு ஏறும். இந்த ஓர் இடத்தில் மட்டும், நாளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மலை மேலேயே தங்குவது கீழே தங்குவதைவிட மலிவாக வரக்கூடும். வார இறுதியில்தான் போக முடியும் என்றால் கீழே கோத்தோங் ஜெயாவில் அடுக்குமாடி வீடு பார்க்கலாம். அல்லது அவானா நிலையத்தில் காடியை விட்டுவிட்டு கேபிள் காரில் ஏறி இறங்கி, ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம்.

'கெந்திங் அருகில்' என்று விளம்பரத்தில் இருந்தால், வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தூரத்தைப் பார்க்காதீர்கள், ஓட்டும் நேரத்தைப் பாருங்கள். பெந்தோங்கிலும் பத்தாங்காலியிலும் உள்ள விடுதிகளும் அப்படித்தான் எழுதிக்கொள்கின்றன. எட்டுப் பேரை ஏற்றிய பழைய வேன் அந்த வளைவுகளில் ஏறுவது ஒரு பாடு என்றால், பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது பெரும்பாடு. பாட்டிக்குக் குளிராடையும் மறக்க வேண்டாம்.

பினாங்கில் தெலுக் பகாங்கில் உள்ள எஸ்கேப் பூங்காவின் நீர்ச்சறுக்கு 1,111 மீட்டர் நீளம், அதுவும் கின்னஸ் சாதனைதான். பத்து பிரிங்கி கடற்கரை ஹோட்டல்கள் பக்கம் என்றாலும் விடுமுறையில் விலை கூடும். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் தங்கி, படகுத்துறையிலிருந்து புறப்படும் 101 எண் ரேபிட் பினாங்கு பேருந்தைப் பிடித்தால் கொம்தார், பத்து பிரிங்கி வழியாகத் தெலுக் பகாங் போகும். நேரம் ஒரு மணிக்கு மேல் ஆகலாம், காசு மிகக் குறைவு.

மலாக்கா அலோர் காஜாவில் உள்ள ஆ பாமோசா பெரிய கூட்டத்துக்கானது. பல அறைகள் கொண்ட வில்லாக்களை வாடகைக்கு விடுகிறார்கள். மூன்று குடும்பம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பேராகப் போனால் தலைக்கு ஆகும் செலவு குறையும். நான்கு பேருக்கு வீண்.

நாளைப் பாருங்கள், பிறகு விலையைப் பாருங்கள்

பள்ளி விடுமுறையே என்றாலும் ஞாயிறு முதல் வியாழன் இரவு வரை ஒரு விலை, வெள்ளி சனி இரவுக்கு வேறு விலை. வேலையில் இரண்டு நாள் விடுப்புப் போட முடிந்தால் அந்த விடுப்பே பணம். தீபாவளி, சீனப் புத்தாண்டு வாரங்களில் எங்கும் இறங்காது. ஜொகூருக்குப் போகிறவர்கள் இன்னொரு நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதமும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் முடியும் வரையும் விடுமுறை. அந்த வாரங்களில் அவர்கள் வெள்ளியின் மதிப்போடு நம் ரிங்கிட் போட்டி போட முடியாது. ஜொகூரின் வார இறுதி 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது என்பதால், 'வெள்ளிக்கிழமை அங்கே கூட்டம்' என்ற பழைய கணக்கும் இனி உதவாது.

பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருப்பதும், பராமரிப்புக்காகச் சில விளையாட்டுகளை நிறுத்துவதும் உண்டு. பணம் திரும்பக் கிடைக்காத மலிவு விலையில் அறையை எடுத்துவிட்டுப் பிறகு பூங்காவின் நேரத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. வரிசையை மாற்றுங்கள். பூங்கா திறந்திருக்கும் நாள் முதலில், அறை அடுத்து. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் முதல் நாள் இரவு காய்ச்சல் வருவது புதிதல்ல. பத்துப் பதினைந்து ரிங்கிட் கூடினாலும், இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவுதான் நல்லது. எந்தத் தேதி, எத்தனை மணி வரை ரத்து செய்யலாம் என்பதைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

விலைக்கு மேல் வரும் விலை

இணையத்தில் முதலில் காட்டும் விலையில் எல்லாம் அடங்கியிருக்காது. பதிவு பெற்ற ஹோட்டல்கள் சேவை வரி வாங்கும். 2024 மார்ச் முதல் அது 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆகியிருக்கிறது. மாநிலங்கள் சில தனிக் கட்டணம் வாங்குகின்றன. பினாங்கில் 2014 முதல் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 2 ரிங்கிட், நான்கு, ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்றால் 3 ரிங்கிட்.

சுற்றுலா வரி என்பது வேறு. 2017 முதல் வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். மலேசியக் குடிமக்களுக்கு இது கிடையாது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தர வசிப்பிடவாசிகளுக்கும் கிடையாது. தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வரியைக் கேட்டால் அட்டையைக் காட்டி, விலக்கு உண்டு என்று சொல்லுங்கள். இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த உறவினர் தங்கும் அறைக்கு அது உண்டு.

முகப்பில் வைப்புத் தொகையாக 50 அல்லது 100 ரிங்கிட் கேட்பார்கள், அறையைக் காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும். அந்த ரசீதை அம்மாவின் கைப்பையில் வையுங்கள். அறைக்குள் டுரியான், மங்குஸ்தீன் கொண்டு போனால் அந்தப் பணம் அபராதத்துக்குப் போய்விடும். வழியில் வாங்கிய பழத்தை வழியிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

பதிவு செய்யும் முன் ஹோட்டலுக்கே ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். இணையதளத்தைவிடக் குறைந்த விலையைச் சொல்லவும் கூடும். இல்லையென்றாலும், கூடுதல் மெத்தை எவ்வளவு, பசியாறல் எத்தனை பேருக்கு, அறையில் ஜன்னல் உண்டா, மின்தூக்கி உண்டா, வாகனத்தை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் தெரியும். சிக்கன ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறை நிறைய. ஓர் இரவுக்குப் பரவாயில்லை, ஈரத் துணி காயாது. கடைவீட்டு ஹோட்டலின் மூன்றாம் மாடிக்கு மூட்டு வலியோடு பாட்டி படியேறுவது ஒருமுறையோடு முடியாது, ஒரு நாளைக்கு நான்கு முறை. அவருக்காகக் கீழ்மாடி அறை கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், ஆனால் முன்பே கேட்க வேண்டும். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அறை பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இரவுப் பேருந்தில் விடியற்காலை இறங்குபவர்கள் பைகளை முகப்பில் வைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போய்விடலாம். அதற்குக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். நீச்சலுடையைக் கைப்பையில் தனியாக எடுத்து வைப்பது நல்லது. நீர்ப் பூங்காக்களிலும் ஹோட்டல் நீச்சல் குளங்களிலும் பருத்திச் சட்டை, ஜீன்ஸோடு இறங்க விடமாட்டார்கள்.

பணம் கட்டும் முன்

விடுமுறைக்கு முன் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'மூன்று நாள் இரண்டு இரவு, குடும்பத்துக்கு 199 ரிங்கிட்' போன்ற விளம்பரங்கள் வரிசையாக வரும். தெரிந்தவர் அனுப்பியது என்பதால் நம்பிவிடுகிறோம். அவருக்கு இன்னொருவர் அனுப்பியிருப்பார். ஹோம்ஸ்டே விளம்பரங்களில் வேறொருவர் வீட்டுப் படத்தை எடுத்துப் போட்டு முன்பணம் வாங்கிவிட்டு மறைந்துவிடுகிறார்கள். குடும்பம் வேனோடு போய் நின்ற பிறகுதான் அந்த முகவரியில் அப்படி ஒரு வீடே இல்லை என்று தெரியும்.

தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டாலே நின்று யோசியுங்கள். கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீஸ் துறையின் செமாக் மியூல் இணையத்தளத்தில் போட்டால், அதன் மீது புகார் உண்டா என்று தெரியும். புகார் இல்லை என்பதால் மட்டும் நல்லவர் என்று ஆகிவிடாது, இன்று காலை திறந்த கணக்காகவும் இருக்கலாம். ஹோட்டல் பெயரைச் சொன்னால், அந்த ஹோட்டலின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்துக் கேளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை அழைத்தால் அந்த ஆள்தான் எடுப்பார். சுற்றுலா நிறுவனம் என்று சொன்னால், சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேரங்காடிகளில் மேசை போட்டு, 'இலவச ஹோட்டல் வவுச்சர்' கொடுக்கிறோம் என்று கணவன் மனைவியைச் சேர்ந்து உட்கார வைப்பவர்களிடமும் கவனம் தேவை. இரண்டு மணி நேரப் பேச்சின் முடிவில் பல ஆயிரம் ரிங்கிட் உறுப்பினர் திட்டத்தில் கையெழுத்தும் கடன் அட்டையும் கேட்பார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். படிவத்தைக் கொடுக்க மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

பணத்தை அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும் முன் தடுத்தால்தான் மீட்க வழி உண்டு. போலீஸ் புகாரும் செய்ய வேண்டும்.

ஏமாற்று இல்லை, உண்மையான ஹோட்டல்தான், ஆனால் சொன்னதைக் கொடுக்கவில்லை, பணத்தையும் திருப்பித் தரவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பதிவு உறுதிக் கடிதம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அறையில் நுழைந்தவுடன் எடுத்த படங்கள் ஆகியவைதான் அங்கே பேசும். ஊர் திரும்பி மூன்று மாதமாவது அவற்றைக் கைப்பேசியிலிருந்து அழிக்காதீர்கள்.